ஆய்வக எலியை உருவாக்கியவர் சிகரெட்டுக்காக வாதாடியது ஏன்? கிளாரன்ஸ் குக் லிட்டிலின் கதை

எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா இருப்பார். 85 வயசு வரைக்கும் பீடி குடிச்சார், ஒண்ணும் ஆகலை என்று அவரை உதாரணம் காட்டுவார்கள். அதே தெருவில் ஒரு சிகரெட்கூடத் தொடாத ஒருவர் 50 வயதில் நுரையீரல் புற்றுநோயில் போயிருப்பார். அப்போ எல்லாம் ஜீன் தானே, நம்ம கையில் என்ன இருக்கு?

இந்தக் கேள்வியை வாழ்க்கை முழுக்கச் சுமந்த விஞ்ஞானி ஒருவர் உண்டு. பெயர் கிளாரன்ஸ் குக் லிட்டில், அமெரிக்கர். இன்று உலகம் முழுவதும் ஆய்வகங்களில் பயன்படும் மரபணு ஒத்த எலிகளுக்கு அடித்தளம் போட்டவர். சர்க்கரை நோய், உடல் பருமன், புற்றுநோய் போன்றவற்றில் எந்த மரபணுவுக்கு என்ன பங்கு என்று தேடும் வேலை, பெரிய அளவில் அவர் உருவாக்கிய எலிகளை வைத்தே நடக்கிறது. அதே மனிதர் கடைசிக் காலத்தில் சிகரெட் கம்பெனிகளின் விஞ்ஞான முகமாகவும் இருந்தார்.

இரண்டும் ஒரே ஆள் செய்த வேலை. எப்படி என்று பார்ப்போம்.

எலி வளர்த்த மாணவன்

லிட்டில் 1888 அக்டோபர் 6ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில் பிறந்தார். வசதியான குடும்பம். படித்தது ஹார்வர்டு. அங்கே வில்லியம் கேசில் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். மெண்டலின் பட்டாணி விதிகள் மறுபடி கண்டெடுக்கப்பட்டு பத்து வருஷம்கூட ஆகாத காலம் அது. அந்த விதிகள் பாலூட்டிகளுக்கும் பொருந்துமா என்று பார்க்க, கேசில் எலி, முயல், கினிப் பன்றி எனப் பலவற்றை வளர்த்துக்கொண்டிருந்தார்.

லிட்டிலுக்கு எலியின் ரோம நிறம்தான் முதல் பாடம். மஞ்சள் எலிகளில் ஒரு புதிர் இருந்தது. இரண்டு மஞ்சள் எலிகளை இணைத்தால் மெண்டல் கணக்குப்படி நாலில் மூன்று குட்டி மஞ்சளாக வர வேண்டும். வந்ததோ மூன்றில் இரண்டுதான். 1910இல் கேசிலும் லிட்டிலும் விடை சொன்னார்கள்: மஞ்சள் மரபணுவை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கும் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது. பிழைத்து வரும் மஞ்சள் எலிகளுக்கு உடல் பருமனும் சர்க்கரைக் கோளாறும் வரும் என்பது பின்னால் தெரிந்தது. ரோம நிறத்தைத் தரும் மரபணுவே உடலின் உள்ளேயும் வேலை செய்கிறது.

ஒரே மாதிரி எலிகள் எதற்கு?

1909இல், மாணவராக இருந்தபோதே, லிட்டில் இன்னொரு வேலையைத் தொடங்கினார். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தங்கை எலிகளை இணைப்பது, அவற்றின் குட்டிகளையும் அப்படியே இணைப்பது, தலைமுறை தலைமுறையாக. இப்படிச் செய்தால் வம்சம் நலிந்து அழிந்துபோகும் என்பதே அன்று பலரின் எண்ணம். லிட்டிலின் எலிகள் தாக்குப்பிடித்தன. டி.பி.ஏ. என்ற அந்த இரகம்தான் உலகின் முதல் உள்ளினக்கலப்பு எலி இரகம்.

இதில் என்ன பெரிய விஷயம்? 20 தலைமுறை இப்படிப் போனால், அந்த இரகத்தில் உள்ள எல்லா எலிகளும் மரபணு அளவில் ஏறக்குறைய ஒரே நகல் ஆகிவிடும். ஆயிரம் எலி இருந்தாலும் ஆயிரம் இரட்டையர்கள் மாதிரி. இப்போது ஒரு எலிக்கு நோய் வந்து இன்னொன்றுக்கு வரவில்லை என்றால், காரணம் மரபணு வேறுபாடு இல்லை. வெளியில் ஏதோ இருக்கிறது. மாறாக, ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே தண்ணீர் கொடுத்தும் இரண்டு இரகங்கள் வேறுபட்டால் அது மரபணுவின் வேலை.

மனிதர்களில் இந்தப் பிரிப்பைச் செய்யவே முடியாது. குடும்பத்தில் ஜீனும் ஒன்று, சாப்பாடும் ஒன்று, சமையலறைப் புகையும் ஒன்று. எதனால் எது வந்தது என்று யாரால் பிரிக்க முடியும்? லிட்டிலின் எலிகள் அந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் கருவி.

பல மரபணு, ஒரு நோய்

அடுத்து அவர் கை வைத்தது புற்றுநோயில். எர்னஸ்ட் டைசர் என்ற நோயியல் ஆய்வாளரிடம், ஜப்பானிய நடன எலி என்ற இரகத்தில் தோன்றிய ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்து அதே இரக எலியில் வைத்தால் கட்டி வளரும். சாதாரண எலியில் வைத்தால் வளராது. இரண்டு இரகங்களையும் இணைத்துப் பிறந்த முதல் தலைமுறையில் கட்டி வளர்ந்தது. ஆனால் அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் இணைத்துப் பிறந்த இரண்டாம் தலைமுறையில், மிகச் சில எலிகளில் மட்டுமே வளர்ந்தது.

ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்றால் இரண்டாம் தலைமுறையில் நாலில் மூன்று எலிகளில் கட்டி வளர்ந்திருக்க வேண்டும். ஆகவே இது மெண்டல் விதிக்குள் அடங்காது என்றே தோன்றியது. லிட்டில் வேறு மாதிரி யோசித்தார். ஒரு மரபணு போதாது, பல மரபணுக்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் கட்டி வளரும் என்றால்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மரபணு தேவை என்றால் வாய்ப்பு முக்கால். இரண்டு தேவை என்றால் முக்காலில் முக்கால். இப்படியே 14 முறை பெருக்கினால் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக வந்து நிற்கும். அவர்கள் கண்ட எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். 1916இல் டைசரும் லிட்டிலும் 14 அல்லது 15 மரபணுக்கள் இதில் பங்கு வகிக்கலாம் என்று கணித்தார்கள்.

நோய் என்றாலே ஒரு ஜீன், ஒரு கோளாறு என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றில் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்களிக்கின்றன என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்த எண்ணத்துக்கு ஆரம்பகால ஆதாரம் தந்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. இந்தப் பாதையில் பின்னால் வந்த ஜார்ஜ் ஸ்நெல், ஒட்டு உறுப்பை உடல் ஏற்குமா மறுக்குமா என்பதைத் தீர்மானிக்கும் முக்கிய மரபணுப் பகுதியைக் கண்டுபிடித்தார். 1980இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த வேலை நடந்தது லிட்டில் தொடங்கிய ஆய்வகத்தில்தான்.

கறுப்பு எலியும் ஒரு பெண் வியாபாரியும்

முதல் உலகப் போருக்குப் பிறகு லிட்டில், நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குப் போனார். 1921இல் அங்கே இன்னொரு இரகத்தைத் தொடங்கினார். அதற்கான எலிகள் அப்பி லாத்ராப் என்ற பெண்ணின் பண்ணையிலிருந்து வந்தவை. பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு மாசசூசெட்ஸில் கிரான்பி என்ற ஊரில் வளர்ப்பு எலி விற்ற பெண் அவர். எந்த எலிக்கு எது அப்பா, எது அம்மா என்று நுணுக்கமாகக் குறிப்பு வைத்திருந்தார். தன் எலிகளில் வந்த கட்டிகள் பற்றி விஞ்ஞானி ஒருவருடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினார். 1918இல் இறந்துபோனார். அவருடைய 57ஆம் எண் பெண் எலியின் வாரிசுகள்தான் சி57 பிளாக் என்ற கறுப்பு இரகம். 2002இல் முதன்முதலாக எலியின் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது, படிக்கப்பட்டது இந்தக் கறுப்பு எலியின் மரபணுதான்.

பதவி, சர்ச்சை, யூஜெனிக்ஸ்

லிட்டில் வேகமாக மேலே போனார். 1922இல், 33 வயதில், மெய்ன் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1925இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவர். கருத்தடைக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசினார். அன்று அது பெரிய துணிச்சல். மாணவர்கள் கார் ஓட்டத் தடை போட்டார், அதில் மாணவர்களோடும் உரசல். 1929இல் ராஜினாமா.

இதே காலத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. மனித இனத்தை எலி இரகம் மாதிரி தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற யூஜெனிக்ஸ் இயக்கத்தில் அவர் முன்னணியில் இருந்தார். அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அமலில் இருந்த காலம் அது. எலிக்கூண்டில் எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கலாம். மனிதர்களின் வறுமை, கல்வி, நோய் எல்லாவற்றையும் பரம்பரையின் கணக்கில் எழுதிவிட முடியாது. இந்த வித்தியாசத்தை லிட்டில் போதுமான அளவு மதிக்கவில்லை. அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்திலிருந்து அந்தப் பெயரை மிச்சிகன் பல்கலைக்கழகம் 2018இல் நீக்கியது.

பால் சொன்ன பாடம்

ராஜினாமா செய்த அதே 1929இல், மெய்ன் மாநிலத்தில் கடலோர ஊரான பார் ஹார்பரில் லிட்டில் சொந்தமாக ஒரு ஆய்வகம் தொடங்கினார். டெட்ராய்ட் கார் தொழிலதிபர்களின் பணம் உதவியது. அவர்களில் ஒருவரான ராஸ்கோ ஜாக்சன் அந்த வருஷம் இறந்ததால் அவர் பெயரையே வைத்தார்கள். ஜாக்சன் ஆய்வகம் பிறந்தது அப்படித்தான். சில மாதங்களில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. பணம் வறண்டது. சமாளிக்க, மற்ற ஆய்வகங்களுக்கு எலி விற்க ஆரம்பித்தார்கள். கஷ்ட காலத்தில் தொடங்கிய அந்த விற்பனைதான் பிறகு உலகம் முழுக்க ஒரே தர எலி கிடைக்க வழி செய்தது.

அங்கேதான் லிட்டிலின் நம்பிக்கைக்கே சவால் விட்ட ஒரு முடிவு வந்தது. சில இரகப் பெண் எலிகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம், சில இரகங்களுக்குக் குறைவு. மரபணுதான் காரணம் என்றால், அம்மா எந்த இரகம், அப்பா எந்த இரகம் என்பது முக்கியமில்லை. இருவரிடமிருந்தும் பாதிப் பாதிதானே வருகிறது. ஆனால் இரகங்களை மாற்றி மாற்றி இணைத்தபோது, மகள்கள் அம்மாவின் வழியிலேயே போனார்கள். 1933இல் ஆய்வகம் இதை வெளியிட்டது.

1936இல், அங்கே பணியாற்றிய ஜான் பிட்னர் ஒரு எளிய சோதனையின் முடிவைச் சொன்னார். புற்றுநோய் அதிகமுள்ள இரகத்தில் பிறந்த குட்டிகளை உடனே பிரித்து, புற்றுநோய் குறைந்த இரகத் தாயிடம் பால் குடிக்க விட்டார். நோய் வெகுவாகக் குறைந்தது. மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது பால் மட்டுமே. அந்தப் பாலில் இருந்தது ஒரு வைரஸ் என்று பிறகு உறுதியானது.

அதற்காக மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று அர்த்தமில்லை. வைரஸ் தொற்றினாலும் எல்லா இரகமும் ஒரே அளவில் நோய்வாய்ப்படவில்லை. மரபணு, வைரஸ், ஹார்மோன் மூன்றும் சேர்ந்துதான் முடிவு. பரம்பரையாக வருவதுபோல் தெரியும் எல்லாமே மரபணு அல்ல என்று லிட்டிலின் சொந்த வீட்டிலேயே நிரூபணமானது.

தீயும் திரும்பி வந்த எலிகளும்

1929 முதல் 1945 வரை அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் நிர்வாக இயக்குநராகவும் லிட்டில் இருந்தார். புற்றுநோய் என்ற சொல்லையே வெளியே சொல்லக் கூசிய காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டி ஊர் ஊராக விழிப்புணர்வு ஏற்படுத்தினார். 1937இல் டைம் இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. புகையிலைப் புகை போன்ற நுண்துகள்களை அடிக்கடி நுரையீரலுக்குள் இழுப்பது புத்திசாலித்தனம் அல்ல என்ற பொருளில், 1944இல் பொதுமக்களுக்காக எழுதிய நூலில் எச்சரித்ததும் இதே லிட்டில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1947 அக்டோபரில் பார் ஹார்பரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஜாக்சன் ஆய்வகம் எரிந்தது. பல்லாயிரம் எலிகள் செத்தன. பல தலைமுறை உழைப்பு ஒரே நாளில் சாம்பல். ஆனால் அவர்கள் முன்பு விற்ற, கொடுத்த எலிகளின் வாரிசுகள் பல ஆய்வகங்களில் உயிரோடு இருந்தன. அங்கிருந்தெல்லாம் எலிகள் திரும்பி வந்தன. பகிர்ந்து கொடுத்ததால்தான் இரகங்கள் பிழைத்தன.

சிகரெட் கம்பெனிகள் அழைத்தபோது

1953 டிசம்பரில் எர்ன்ஸ்ட் வைண்டரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிகரெட் புகையிலிருந்து எடுத்த தாரை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவியதில் 44 சதவீத எலிகளுக்குப் புற்றுநோய் வந்திருந்தது. புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று மனிதர்களில் செய்த ஆய்வுகளும் ஏற்கெனவே வந்துவிட்டன. சிகரெட் கம்பெனிகள் ஆடிப்போயின.

1954 ஜனவரியில் அவை ஒன்று சேர்ந்து, நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிவிப்பு கொடுத்தன. மக்கள் உடல்நலமே முக்கியம், உண்மையைக் கண்டறிய ஆய்வுக்குழு அமைக்கிறோம் என்பது அதன் சாரம். திட்டத்தைத் தீட்டிக் கொடுத்தது ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம். குழுவுக்கு மரியாதைக்குரிய ஒரு விஞ்ஞானி தேவைப்பட்டார். அதே வருஷம் லிட்டில் அதன் அறிவியல் இயக்குநர் ஆனார்.

அதன்பின் ஒன்றரை பத்தாண்டுக்கும் குறையாமல் அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: சிகரெட்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, இன்னும் ஆய்வு தேவை, பரம்பரைத் தன்மையைப் பார்க்க வேண்டும். புகைப்பவர்களில் எல்லோருக்குமா புற்றுநோய் வருகிறது? புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைத் தன்மையே தருகிறதோ என்னவோ? நம் பீடித் தாத்தா வாதமேதான், கொஞ்சம் விஞ்ஞானச் சட்டை போட்டிருந்தது.

எல்லாம் பணத்துக்காக என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் புற்றுநோயின் வேர் பரம்பரையில் இருக்கிறது என்பது அவருடைய நாற்பது வருட நம்பிக்கை. சிகரெட் கம்பெனிகளுக்கு அந்த நம்பிக்கை உபயோகமாக இருந்தது. குழு கொடுத்த பணத்தில் நல்ல ஆய்வுகளும் நடந்தன. ஆனால் மக்கள் காதில் விழுந்தது ஒன்றே: விஞ்ஞானிகளுக்கே இன்னும் தெளிவில்லை, நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்?

1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, ஆண்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு சிகரெட் காரணம் என்று உறுதியாகச் சொன்னது. லிட்டில் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. 1971 டிசம்பர் 22ஆம் தேதி, 83 வயதில் இறந்தார். சிகரெட் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று 2006இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்தக் கதையில் அவர் இயக்கிய குழுவுக்கும் இடம் இருந்தது.

எலிகள் இன்று என்ன சொல்கின்றன?

லிட்டிலின் இரண்டு எலிகளையும் பின்னால் வந்தவர்கள் ஒன்று சேர்த்தார்கள். கறுப்பு எலியையும் டி.பி.ஏ. எலியையும் இணைத்து, பேரக்குட்டிகளிலிருந்து புதிய இரகங்களை உருவாக்கும் வேலையை 1970களில் ஜாக்சன் ஆய்வகத்தில் பெஞ்சமின் டெய்லர் தொடங்கினார். இவற்றின் பெயர் பி.எக்ஸ்.டி. இரகங்கள். இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலைத்து நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தது மாதிரி. ஒவ்வொரு இரகத்திலும் எந்தத் துண்டு எந்தத் தாத்தா பாட்டியிடமிருந்து வந்தது என்று தெரியும்.

மரபணு வரைபடம் போடும் முறை இதுதான். எடுத்துக்காட்டாக, கறுப்பு எலிக்குத் தண்ணீரையும் சாராயம் கலந்த தண்ணீரையும் வைத்தால் சாராயப் பக்கம் போகும். டி.பி.ஏ. எலி அதை ஒதுக்கிவிடும். இப்போது எல்லா பி.எக்ஸ்.டி. இரகங்களும் எவ்வளவு குடிக்கின்றன என்று அளக்க வேண்டும். பிறகு குரோமோசோம்களில் ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கறுப்பு எலியின் துண்டு இருந்தால் குடி கூடுகிறது? அந்த இடத்தில் சம்பந்தப்பட்ட மரபணு ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் ஒன்று இல்லை, பல இடங்கள் வரும். ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம் கொஞ்சம்தான். 1916இல் லிட்டில் கணக்குப் போட்டுச் சொன்னதை இப்போது இடம் குறித்துக் காட்ட முடிகிறது.

ஆனால் இந்த எலிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்தால் கறுப்பு எலி குண்டாகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. அதே எலிக்குக் கொழுப்பு குறைந்த தீனி போட்டால் ஒல்லியாகவே இருக்கிறது. ஏ என்ற இன்னொரு இரகமோ கொழுப்புத் தீனியிலும் அந்த அளவு கெடுவதில்லை. கறுப்பு எலியின் பருமனுக்கு ஜீன் காரணமா, தீனி காரணமா? கேள்வியே தப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். நம்மால் மாற்ற முடிந்தது தீனியை.

நுரையீரல் புற்றுநோயிலும் இதே கதைதான். 2008இல் மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகள், அந்த நோயோடு தொடர்புள்ள ஒரு இடத்தை 15ஆம் குரோமோசோமில் கண்டன. அங்கே இருப்பவை மூளையில் நிகோடினைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கான மரபணுக்கள். அதே இடம், ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்பதோடும் தொடர்புடையது. அவற்றில் ஒரு மரபணுவை நீக்கிய எலிகள், அதிக அளவு கிடைக்கும்போதும் நிறுத்தாமல் நிகோடினை எடுத்துக்கொண்டன. ஆக, பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது என்று லிட்டில் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தப் பரம்பரை சிகரெட்டைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. சிலரை அதனிடம் இன்னும் இறுக்கிக் கட்டிவைக்கிறது.

அந்த 85 வயது தாத்தாவுக்கு நல்ல சீட்டுகள் விழுந்திருக்கலாம். நமக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்று பார்த்துவிட்டுப் புகைக்கும் வசதி யாருக்கும் இல்லை. உள்ளே எந்த மரபணு இருக்கிறது என்று தெரியாத வரை, கையில் இருக்கும் சிகரெட்டை மட்டும்தான் கீழே போட முடியும். 1944இல் லிட்டிலே கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்.